தாய் மூட்டிய தொப்பிச் சட்டை



இம்மாதம் என் தவறு ஒன்றைச் சொல்லித் தொடங்குகிறேன்.

மார்கழிப் பனி விலகாத ஒரு ஞாயிற்றுக்கிழமை. குண்டடம் பக்கத்துக் கொறங்காடுகளின் கிளுவை வேலிகளில் இன்னும் ஈரம் சொட்டிக்கொண்டிருந்தது. திருப்பலி முடிந்து கோயில் வாசலில் நின்று மக்களை வழியனுப்பிக்கொண்டிருந்தேன். பதினேழு வயதுப் பையன் ஒருவன் வெளியே வந்தான். அவன் சட்டை தொடையைத் தாண்டித் தொங்கியது. கைகள் விரல்களை மூடியிருந்தன. பின்கழுத்தில் தைத்திருந்த தொப்பி முகத்தைப் பாதி மறைத்திருந்தது. 'ஹூடி' என்று இளைஞர்கள் வழங்கும் தொப்பிச் சட்டை அது. எனக்குச் சினம் மூண்டது. "என்ன கோலம் தம்பி இது? ஆட்டக் கொட்டகைக்குப் போகிறாயா, ஆண்டவர் சந்நிதிக்கு வருகிறாயா?" என்று பத்துப் பேர் கேட்கக் கேட்டேன். சிலர் சிரித்தார்கள். பையன் தொப்பியை இறக்கினான். ஒன்றும் பேசாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

அன்று மாலை அவன் தாயார் பங்கு இல்லத்துக்கு வந்தார். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர் அவர். விடியற்காலையில் கம்பெனி பஸ் ஏறினால், ஒன்றரை ஷிப்டு முடித்து இரவில்தான் வீடு திரும்புவார். ஞாயிறு ஒன்றே ஓய்வு. அந்த ஓய்வையும் விட்டு வந்து நின்றார்.

"சாமி, கோயிலுக்குள்ள தொப்பியப் போட்டது தப்புத்தானுங்க. அதுக்குத் திட்டுங்க. ஆனா அந்தச் சட்டைய மட்டும் ஒண்ணும் சொல்லாதீங்க. அது எங்க லைன்ல ஓடுன ஸ்டைலுங்க. தொப்பிய மூட்டுனது நானுங்க."

பிறகு விவரம் சொன்னார். வெளிநாட்டு ஆர்டர். நிறம் சற்று மாறிப்போனதால் ஒரு பகுதிச் சட்டைகளைத் தள்ளிவிட்டார்கள். அவை லாட்டாகக் காதர்பேட்டைக்குப் போயின. நண்பர்களோடு அங்கே போன பையன், குவியலிலிருந்து 250 ரூபாய்க்கு ஒன்றை வாங்கி வந்தான். வீட்டில் அதை விரித்தபோதுதான், மாதக்கணக்கில் தாம் மூட்டிய சட்டை அது என்று தாய் அறிந்தார். அதன்பின் பையனுக்கு அது வெறும் சட்டையாக இருக்கவில்லை. அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு அதைப் போட்டுக்கொண்டு வந்தான்.

நல்லுடை அணிந்தவனை முன்னே அமர்த்தி, எளிய உடையணிந்தவனை ஒதுக்காதீர் என்னும் யாக்கோபின் அறிவுரையை நான் எத்தனை முறை விளக்கியிருப்பேன்! அன்றிரவு எனக்கு உறக்கம் பிடிக்கவில்லை. இந்த உடை எங்கிருந்து வந்தது, யாருடையது என்று தேடிப் படிக்கலானேன். படித்தவற்றுள் சிலவற்றை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

பள்ளிக்கூடச் சட்டைக்காக ஒரு விருந்து

அமெரிக்காவின் நியூயார்க் மாநகரில் பிராங்க்ஸ் என்றொரு பகுதி உண்டு. 1970-களில் அது வறுமைக்கும் புறக்கணிப்புக்கும் பேர்போன இடம். நடுவே பெருஞ்சாலை ஒன்றை வெட்டியதால் குடியிருப்புகள் சிதறின. வேலை தந்த ஆலைகள் மூடப்பட்டன. வீடுகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தீக்கிரையாயின. கறுப்பின மக்களும், கரீபியன் தீவுகளிலிருந்து குடியேறியவர்களும் அங்கே வாழ்ந்தனர்.

அங்கே செட்ஜ்விக் அவென்யூவில் 1520 எண்ணுள்ள அடுக்குமாடிக் கட்டடத்தில் சிண்டி கேம்பல் என்ற பெண் வசித்தாள். கோடை விடுமுறை முடியப் போகிறது. பள்ளிக்குப் போட்டுக்கொள்ளப் புதுத் துணி வேண்டும். கையில் பணம் போதாது. என்ன செய்தாள்? கட்டடத்தின் பொது அறையை வாடகைக்குப் பிடித்து ஓர் ஆடல் விருந்து நடத்தினாள். பெண்களுக்கு நுழைவுக் கட்டணம் 25 சென்ட், பையன்களுக்கு 50 சென்ட். இசைத்தட்டுகளைச் சுழற்றியவர் அவள் அண்ணன் கிளைவ். 'டி.ஜே. கூல் ஹெர்க்' என்று பின்னாளில் பேர்பெற்ற அவருக்கு அப்போது வயது 18. அந்நாள் 1973 ஆகஸ்ட் 11. ஹிப்ஹாப் இசையின் பிறந்தநாள் என்று இன்று உலகம் கொண்டாடுவது அந்நாளைத்தான்.

இசைத்தட்டில் மேளம் மட்டும் ஒலிக்கும் துண்டை மீண்டும் மீண்டும் ஓடவிட்டு, அதன் தாளத்துக்கேற்பச் சொற்களை அடுக்கிப் பேசுவது அவ்விசையின் முறை. நம் கொங்கு நாட்டில் உடுக்கடித்து அண்ணன்மார் கதை சொல்லும் கலைஞரைக் கேட்டவர்களுக்கு இது முற்றிலும் அந்நியமாகத் தோன்றாது.

ஒரு சிறுமி பள்ளிக்கூடத்துக்குப் புதுச்சட்டை வாங்க விரும்பினாள். அந்த ஆசையில்தான் இவ்விசை பிறந்தது. உடை இதற்குப் பின்னாளில் சேர்ந்த அலங்காரம் அன்று. இசையும் உடையும் ஒரே நாளில் பிறந்த இரட்டைப் பிள்ளைகள்.

நாம் முகஞ்சுளிக்கும் தொளதொளப்புக்கும் கதை உண்டு. ஏழை வீட்டில் மூத்தவன் சட்டை இளையவனுக்கு வரும். புதிதாக வாங்கினாலும் ஓரளவு பெரிதாகவே வாங்குவார்கள். அதிலிருந்தே இப்பாணி பிறந்தது என்பது பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். நம் ஊரில் மட்டும் என்ன? "வளர்ற பையனுங்க, கொஞ்சம் பெருசாவே தைச்சிருங்க" என்று தையற்காரரிடம் சொல்லாத தாய் உண்டா? அந்தத் தொப்பிச் சட்டையும் முதலில் நாகரிகத்துக்காகத் தைக்கப்பட்டதன்று. 1930-களில் அமெரிக்காவின் சாம்பியன் நிறுவனம், குளிர்ந்த கிடங்குகளில் உழைத்த தொழிலாளருக்காகச் செய்தளித்த உடை அது. பனியில் வேலை செய்தவன் காதை மூடிக்கொள்ள வைத்த தொப்பியைத்தான் நான் 'கோலம்' என்று பழித்தேன்.

கையில் உயர்ந்த காலணி

நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியிலிருந்து 'ரன் டி.எம்.சி.' என்ற மூவர் குழு எழுந்தது. மேடைக்கென்று தனியுடை அணியாமல், தெருப் பையன்கள் அணிந்த கறுப்புத் தொப்பியும், அடிடாஸ் காலணியுமாகவே அவர்கள் மேடையேறினார்கள். அக்காலணியைக் கயிறு கட்டாமல் அணிவது வழக்கம். அது குற்றவாளிகளின் பழக்கம் என்று அவ்வட்டாரத்து மருத்துவர் ஒருவர் கண்டித்து எழுதினார். நல்ல எண்ணத்தோடுதான் எழுதியிருப்பார், என்னைப்போல. அதற்கு மறுமொழியாக அக்குழு 1986-இல் தம் காலணியைப் பற்றியே ஒரு பாட்டு வெளியிட்டது. 'இதே காலணியோடு நாங்கள் நல்லதும் செய்கிறோம்' என்பதே அதன் சாரம்.

அவ்வாண்டு ஜூலை 19-ஆம் நாள் நியூயார்க்கின் மேடிசன் சதுக்க அரங்கில் அவர்களின் நிகழ்ச்சி. கூடியிருந்தவர்களை நோக்கி, காலணிகளை உயர்த்திக் காட்டுங்கள் என்றார்கள். ஆயிரமாயிரம் கைகளில் காலணிகள் உயர்ந்தன. பார்த்துக்கொண்டிருந்த அடிடாஸ் அதிகாரி வியந்துபோனார். விளையாட்டு வீரரல்லாத அந்த இசைக் குழுவுடன் 10 லட்சம் டாலருக்குக் குறையாத ஒப்பந்தம் செய்துகொண்டது அந்நிறுவனம். இசைக்கும் உடை வணிகத்துக்கும் அன்று ஏற்பட்ட சம்பந்தம் இன்றுவரை நீடிக்கிறது.

இதைப் படித்தபோது நான் புத்தகத்தை மூடிவிட்டுச் சற்று நேரம் சும்மா இருந்தேன். காலணியைக் கையில் தூக்குவது நம் ஊருக்குப் புதிதா? ஊர்த்தெருவுக்குள் நுழையும்போது செருப்பைக் கழற்றிக் கையில் தூக்கிக்கொண்டு நடக்கவேண்டும் என்று ஒடுக்கப்பட்ட மக்களைக் கட்டாயப்படுத்திய காலம் இருந்ததன்றோ? தோளில் கிடக்கவேண்டிய துண்டை அக்குளில் இடுக்கிக்கொள்ளச் செய்த காலம் இருந்ததன்றோ? நம் பங்குகளில் வாழும் முதியோர் பலர் அக்கொடுமையைத் தம் உடம்பில் சுமந்தவர்கள். தெற்கே திருவிதாங்கூரில் நாடார் குலப் பெண்கள் மார்பை மறைத்துக்கொள்ளும் உரிமைக்காகப் பல பத்தாண்டுகள் போராட வேண்டியிருந்தது. 1859-இல்தான் அரசாணை பிறந்தது. அதுவும், உயர்குலப் பெண்களைப் போல் அணியலாகாது என்ற தடையோடு.

அங்கே காலணி கையில் ஏறியது பெருமிதத்தால். இங்கே ஏறியது இழிவால். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால், உடை வெறும் துணியன்று என்பது விளங்கும். 'நானும் மனிதன்' என்று ஒருவன் சொல்லும் சொல் அது. ஒருவனை அடக்க நினைப்பவர்கள் முதலில் அவன் உடையில் கை வைத்தது அதனால்தான்.

பழித்தவர்களே அணிந்தார்கள்

ஹார்லெம் பகுதியில் 'டாப்பர் டான்' என்று அழைக்கப்பட்ட ஒரு தையற்கலைஞர் 1982-இல் கடை திறந்தார். ஐரோப்பியப் பெருநிறுவனங்களின் சின்னங்களைத் தோலிலும் துணியிலும் தாமே பதித்து, ராப் பாடகருக்கும் குத்துச்சண்டை வீரருக்கும் புதுமையான மேலங்கிகள் தைத்தார். இசைவின்றிச் சின்னத்தை எடுத்தாண்டார் என்று அந்நிறுவனங்கள் வழக்காடின, சோதனைகள் நடந்தன, 1992-இல் கடை மூடப்பட்டது. ஆண்டுகள் உருண்டன. 2017-இல் குச்சி என்னும் இத்தாலிய நிறுவனம் வெளியிட்ட ஓர் அங்கி, டாப்பர் டான் முன்பு தைத்ததை அப்படியே ஒத்திருந்தது. உலகம் கேள்வி கேட்டது. மறு ஆண்டு அந்நிறுவனமே அவரோடு கைகோத்து ஹார்லெமில் தையற்கூடம் திறந்தது. 2023-இல் பாரிஸ் நகரின் லூயி வித்தோன் நிறுவனம் ஆண்கள் உடைப் பிரிவின் பொறுப்பை ஃபாரல் வில்லியம்ஸ் என்ற இசைக்கலைஞரிடமே ஒப்படைத்தது.

ஏழை அணிந்தால் அலங்கோலம். அதையே செல்வன் அணிந்தால் நாகரிகம்! உலகத்தின் நீதி இவ்வாறுதான் போலும்.

நம்மவர் பாட்டும் நம்மூர்த் துணியும்

இவ்விசை தமிழுக்கும் வந்தது. 1994-இல் வெளிவந்த 'காதலன்' படத்தின் 'பேட்டை ராப்' பாட்டை என் வயதினர் மறந்திருக்க மாட்டீர்கள். பிரபுதேவாவின் தொளதொள காற்சட்டையைக் கண்டு தமிழகமே 'பேகி' தைத்துக்கொண்ட காலம் அது. குருமடத்து மாணவனாயிருந்த நானும் விடுமுறையில் ஒன்று தைத்துக்கொண்டேன்! அதிபர் தந்தை என்னைத் தம் அறைக்கு அழைத்து, கதவைச் சாத்திவிட்டு, "தம்பி, ஒரு காலுக்குள் இரண்டு பேர் நுழையலாம் போலிருக்கிறதே" என்றார். இருவரும் சிரித்தோம். அதன்பின் நானாகவே அதை அணிவதை விட்டேன். அவர் என்னிடம் தனியே சொன்னார். நானோ அப்பையனைப் பத்துப் பேர் நடுவே நிறுத்திவிட்டேன்.

பின்னர் மலேசியத் தமிழரான யோகி பி-யின் நட்சத்ரா குழு 2006-இல் 'வல்லவன்' என்னும் தொகுப்பைத் தந்தது. 2012-இல் நம் கோவையிலிருந்து 'ஹிப்ஹாப் தமிழா' ஆதியின் தொகுப்பு வெளிவந்தது. ஜல்லிக்கட்டை ஆதரித்து அவர் 2016-இல் பாடினார். 2017 சனவரியில் மெரினாக் கடற்கரையில் இளைஞர் திரண்டபோது, காளையும் தமிழெழுத்தும் பதித்த டீசட்டைகளை எங்கும் கண்டோம். 2018 சனவரியில் சென்னையில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவினர் கானாவும் ராப்பும் கலந்து சாதிக் கொடுமையைப் பாடினர். அவர்கள் மேடையேறியது கோட்டும் சூட்டுமாக. அண்ணல் அம்பேத்கரை நினைவூட்டிய உடை அது. துண்டை அக்குளில் இடுக்கியவர்களின் பேரர்கள் கோட்டணிந்து நின்றார்கள் என்றால், அதன் பொருள் நமக்குப் புரியாதா?

இப்போது நம் வாசலுக்கு வருவோம். திருப்பூர் நெடுங்காலம் வெள்ளைப் பனியன் நெய்த ஊர். 1970-களின் இறுதியில் இத்தாலிய வணிகர் வரத் தொடங்கிய பின்னரே டீசட்டையும் வண்ண உடையும் ஏற்றுமதியாகப் பெருகின. உலக இளைஞர் கழுத்துப்பட்டையை விட்டுப் பின்னலாடைக்கு மாறியதற்கு விளையாட்டும் காரணம், வசதியும் காரணம். இந்த இசையும் காரணங்களுள் ஒன்று. அங்கே ஒரு பாடகன் தொளதொளச் சட்டை அணிந்தால், இங்கே ஒவ்வொரு சட்டைக்கும் துணி கூடுகிறது, நூல் கூடுகிறது, சாயம் கூடுகிறது. தொப்பிச் சட்டைக்கான தடித்த துணியைச் சுரண்டிப் பஞ்சுபோலாக்கும்போது பறக்கும் தூசி நம்மவர் மூச்சில் கலக்கிறது.

அந்தச் சாயத்துக்கு நொய்யலும் ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழுள்ள உழவரும் கொடுத்த விலையை நாம் அறிவோம். 2011 சனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்ட பின்னரே, கழிவுநீரை ஒரு துளியும் வெளியே விடலாகாது என்ற கட்டுப்பாடு உறுதிப்பட்டது. 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா நம் பொருள்கள்மீது 50 விழுக்காடு வரி விதித்தபோது, ஆர்டர் குறைந்து ஷிப்டு இழந்த வீடுகள் எத்தனை! நியூயார்க்கில் ஒருவன் எதை உடுத்துகிறான் என்பதும் என்ன விலைக்கு உடுத்துகிறான் என்பதும், மானம் பார்த்த பூமியில் மழைக்காக ஏங்கும் குண்டடத்துக் குடும்பத்தின் அடுப்பைத் தொடுகின்றன.

இளைஞருக்கும் பெற்றோருக்கும்

இளைஞர்களே, உங்களுக்கு ஒரு சொல். இவ்விசையில் எல்லாம் நெல்லன்று, பதரும் உண்டு. பெண்களை இழிவுபடுத்தும் வரிகள் உண்டு. போதையையும் துப்பாக்கியையும் புகழும் பாட்டுகள் உண்டு. கழுத்தில் கனத்த தங்கச் சங்கிலியே மனிதனின் மதிப்பு என்று காட்டும் பகட்டும் உண்டு. புதுச்சட்டைக்குப் பணமில்லாத ஒரு சிறுமியிடம் தொடங்கிய இசை, பணமில்லாதவனை எள்ளுவதற்குப் பயன்படுமானால் அது தன் தாயை மறந்த பிள்ளை. சின்னம் பொறித்த ஷூ வேண்டுமென்று தாயின் ஒரு மாதச் சம்பளத்தைக் கேட்காதீர்கள். அவர் எத்தனை ஷிப்டு நின்றால் அந்த ஷூ வாங்கலாம் என்று ஒருமுறை கணக்கிட்டுப் பாருங்கள். கோயிலிலும் பெரியோர் முன்பும் தொப்பியை இறக்குங்கள். அது அடிமைத்தனமன்று, மரியாதை.

பெற்றோரே, உங்களுக்கும் ஒரு சொல். பிள்ளையின் உடை பிடிக்கவில்லையென்றால் தனியே சொல்லுங்கள். சொல்வதற்கு முன் கேளுங்கள்: "இது உனக்கு ஏன் பிடித்திருக்கிறது?" நாம் பெல்பாட்டம் அணிந்ததும், பேகி அணிந்ததும், நம் தந்தையர் தலையில் அடித்துக்கொண்டதும் நினைவிருக்கட்டும். கெட்ட பாட்டைக் கண்டியுங்கள். கெட்ட செயலைத் தடுங்கள். சட்டையின் அளவைக்கொண்டு பிள்ளையின் உள்ளத்தை அளக்காதீர்கள்.

நம் ஆண்டவர் அணிந்திருந்த அங்கி தையலின்றி மேலிருந்து கீழ்வரை நெய்யப்பட்டது என்கிறது நற்செய்தி. சிலுவையடியில் படைவீரர் அதன்மேல் சீட்டுப்போட்டார்கள். அதை நெய்த கை யாருடையது என்று எங்கும் எழுதப்படவில்லை. நெய்தவர் பெயர் மறைவதும், அணிபவர் பெயரோ விற்பவர் பெயரோ நிலைப்பதும் பழங்கதை. அப்பையனின் சட்டைக் கழுத்தில் ஒரு வெளிநாட்டுப் பெயர் இருந்தது. மூட்டிய தாயின் பெயர் இல்லை. ஆயினும் அவனுக்கு அது தெரிந்திருந்தது. அதுவே அவன் பெருமை. அதைத்தான் நான் வாசலில் வைத்து உடைத்தேன்.

அடுத்த ஞாயிறு அவன் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறு தாயோடு வந்தான். பழைய வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். திருப்பலி முடிந்ததும், முன்பு நின்ற அதே வாசலில், அன்று சிரித்தவர்களும் கேட்க, "தம்பி, அன்று நான் சொன்னது தவறு. என்னைப் பொறுத்துக்கொள்" என்றேன். அவன் தலைகுனிந்தான். தாய்தான் முந்திக்கொண்டு, "அதெல்லாம் போகட்டுமுங்க சாமி" என்றார். "அந்தச் சட்டை எங்கே?" என்று கேட்டேன். "துவைச்சுப் போட்டிருக்குதுங்க. குளிர் விடறதுக்குள்ள இன்னொரு நாளைக்குப் போட்டுட்டு வரட்டுங்களா?" என்றார்.

வரட்டும் என்றேன்.

இம்மாதம் உங்கள் வீட்டுக்கு ஒரு சிறு வேலை. இரவு உணவுக்கு அமரும்போது, உங்களில் ஒருவர் அணிந்திருக்கும் சட்டையை எடுத்துப் பாருங்கள். அதன் நூல், பின்னல், சாயம், கட்டிங், தையல், செக்கிங், பேக்கிங் ஆகியவற்றுள் எதில் நம் வீட்டார் கை பட்டிருக்கும் என்று பிள்ளைகளோடு பேசுங்கள். பனியன் கம்பெனியிலிருந்து திரும்பும் தாயையோ தந்தையையோ அக்காளையோ பார்த்து, "இன்று எத்தனை பீஸ் மூட்டினீர்கள்? கை வலிக்கிறதா?" என்று பிள்ளைகள் கேட்கட்டும்.

அன்புடன்,
உங்கள் பங்குக் குரு